கைமறதி

அந்தச் சொல்லை ஒட்டடை அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பதால் என் கணவர் அவருக்கு வைத்த பெயர் அது. இருவரும் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள். ஒரே நிறுவனம், ஒரே வேன், ஒரே கருவிப் பை. ஒரு சாயங்காலம் இவரை வீட்டில் இறக்கிவிட வந்தவர், இவர் கை கழுவ உள்ளே போன சமயம் பார்த்து வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார்.

"மச்சானுக்கு இப்பல்லாம் ஒரே கைமறதிம்மா. ஸ்பேனர் குழிக்குள்ள கிடக்கு. இவன் என்னடான்னா மேல உத்தரத்துல வச்சேனேன்னு தேடிட்டு இருக்கான். வயசாகுதுல்ல, உனக்குத்தான் இனிமே வேலை கூடும்."

கைமறதி என்பது எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். சாவியை எங்கோ வைத்துவிட்டு வேறெங்கோ தேடுகிறவர்கள் சொல்வது. எங்கள் வீட்டில் மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் தபால் வேன் ஓட்டியவர். ஊரில் எந்தச் சந்து எதில் போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருக்கு மறதி நோய் வந்தபோது அது நோய் என்று புரியவே எங்களுக்கு நெடுநாள் பிடித்தது. கைக்கடிகாரம் சோப்புப் பெட்டியில் இருக்கும். செருப்பு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். கேட்டால், "கைமறதியா வச்சிட்டேம்மா" என்பார். அவர் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்க நாறியபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்போதும் சிரித்தோம். பிறகு ஒரு காலையில் நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று உரிமையோடு கூப்பிட்டவர். கோபம் வந்தால் கழுதை என்றும் திட்டியிருக்கிறார். ஒரு கழுதை கூட அந்த 'ங்க' மாதிரி என்னை அடித்ததில்லை. மரியாதை இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாமனார் காலமான பிறகு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இவர் என்னிடம் ஒன்று கேட்டார். தனக்கும் அப்படி வந்தால் முதல் காரியமாகத் தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும். தான் மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் விடக் கூடாது. "எங்க வேலையில மறதிக்காரன் தன்னைக் கொன்னுக்க மாட்டான். பக்கத்துல இருக்கறவனைக் கொன்னுடுவான்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ரூம். அங்கேதான் மெயின் ஸ்விட்ச். ஒருவர் அதை அணைத்து, அதன்மேல் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால்தான் இன்னொருவர் லிஃப்ட் ஓடும் சுரங்கத்தின் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். மேலே இருப்பவர் பூட்ட மறந்தாலோ, கீழே ஆள் இருப்பதை மறந்து ஸ்விட்சைப் போட்டாலோ, லிஃப்ட் பெட்டி இறங்கிவிடும். குழிக்குள் ஓடி ஒளிய இடம் கிடையாது. இவர்கள் இருவரில் ஸ்விட்ச் எப்போதும் இவருடையது. குழி ஒட்டடை அண்ணனுடையது.

சரி, நிறுத்திவிடுகிறேன் என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் ஒரு குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள். எந்தப் புகார் வந்தாலும் அதே போன்ற புகார் முன்பு வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். வந்திருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம், பழைய காரணமே போதும். அன்று வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனம் அந்தப் பழக்கத்தில்தான் ஓடியது.

தேடத் தொடங்கியதும் வீடு முழுக்க அடையாளங்கள் தென்பட்டன. குளியலறைக் குழாயை முழுதாக மூடாமல் வந்துவிடுவார், அது சொட்டிக்கொண்டே இருக்கும். பற்பசை மூடி திறந்தே கிடக்கும். ஜாம் பாட்டிலின் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், தூக்கினால் பாட்டில் மட்டும் கீழே விழும். வாசல் கதவைத் திறந்தவர் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு உள்ளே வந்திருப்பார். சட்டையில் மேல் பொத்தான்களைப் போடாமல் கிளம்புவார். பிறகு பொத்தான் சட்டைகளையே விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டுகிற சட்டைகளுக்கு மாறினார். கேட்டதற்கு, இதுதான் காற்றோட்டமாக இருக்கிறது என்றார். மாமனாரும் பொத்தானில்தான் தடுமாறத் தொடங்கினார். மாமனாரும் மாடிப்படியில் பாதியில் நின்று, எதற்காக ஏறினோம் என்று தெரியாமல் விழிப்பார். இவரும் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தார்.

பொருந்தாத அடையாளம் ஒன்றும் இருந்தது. முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாக முறுக்குத் தழும்புகள். கயிறு பட்டது என்றார். எத்தனை தடவைதான் படும் என்று கேட்டேன்.

"லிஃப்ட்காரன் கையில கயிறு தழும்பு இல்லாம, பின்ன வளையல் தழும்பா இருக்கும்?"

பொருந்தாததை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இவரைச் சோதிக்கத் தொடங்கினேன். காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வியைப் போடுவேன். முதலில் குடியிருந்த வீட்டின் ஜன்னல் கம்பிக்கு என்ன நிறம், வீட்டுக்காரம்மா வளர்த்த பூனைக்கு எந்தக் கண் குருடு என்று. பச்சை, இடது கண் என்று தயங்காமல் சொல்வார். அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை. மாமனாருக்கும் பழையதெல்லாம் பளிச்சென்று நினைவிருந்தது, போனதெல்லாம் புதியதுதான். ஆகவே நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டேன்.

"ஏன், மறுபடியும் அதையே ஆக்கப் போறியா? வேணாம், நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் மாமனார்கூட அந்தக் கட்டத்தில் நன்றாகத்தான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. இவர் முகத்தைப் பார்த்து, வேலையை விடுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாக்கில் பாதியையாவது காப்பாற்றலாம் என்று ஒட்டடை அண்ணனிடம் சொல்ல முடிவு செய்தேன். அந்தப் பாதியில்தான் எல்லாம் தப்பாகப் போனது.

என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அப்போது அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. மதிய இடைவேளையில் போனேன். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, குறுக்கே ஒரு பலகை கட்டியிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. கிரீஸும் ஈரச் சிமெண்டும் கலந்த ஒரு வாசனை. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஏணி வழியாக ஒட்டடை அண்ணனின் தலை முதலில் வந்தது. என்னைப் பார்த்ததும், மச்சான் மேலே இருக்கிறான், கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன்: குழாய், சாவி, பொத்தான், படிக்கட்டு. மாமனாருக்கும் இப்படித்தான், இதே ஒழுங்கில்தான் வந்தது என்றேன்.

அவர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்களில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்தார்.

"தங்கச்சி, நான் பொழுதுக்கும் இந்தக் குழிக்குள்ள நிக்கிறவன்."

"அதனாலதான் அண்ணே சொல்றேன்."

அவர் அண்ணாந்து மேலே பார்த்தார். இத்தனை மாடிகளுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத அறையில், இவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். இவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சொல்லாத. நொந்துபோயிடுவான். இனிமே நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே ஸ்விட்சைத் தானே அணைத்துத் தானே பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இவரை மோட்டார் ரூமில் தனியாக விடவில்லை. கண்முன்னாலேயே வைத்துக்கொண்டால் தப்பு நடக்காது என்று எண்ணி, குழி வேலைக்கே கூட அழைத்துக்கொண்டார். தூக்கு, பிடி, இழு, இறக்கு என்பவையெல்லாம் இவருக்கு வந்து சேர்ந்தன. ஞாபகம் வேண்டிய வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, கை வேண்டிய வேலையையெல்லாம் கொடுத்தோம். ஒட்டடை அண்ணன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. கேட்டுக்கொண்டது நான்.

இவர் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்துவிடுவார். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் குடிப்பார், குழந்தை மாதிரி. "ஒட்டடைக்கு என்மேல என்னமோ கோவம். மோட்டார் ரூம் பக்கமே அண்ட விட மாட்டேங்கறான். நான் என்ன பண்ணினேன்னும் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன் அலுவலகத்துக்கு வந்தது. ஒட்டடை அண்ணன்தான். ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் சொல்லி, "உயிருக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். யார் உயிருக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அந்தப் பேருந்துப் பயணம் முழுக்க, இவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டதாகவும் பெட்டி இறங்குவதாகவும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மோட்டார் ரூம் பக்கமே அண்ட விடுவதில்லை என்று இவர் சொன்னதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

இவர் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து, "நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா" என்றார். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பின்னாலிருந்த நர்ஸ், "இதோ" என்று தள்ளுவண்டியை நகர்த்திய பிறகுதான் மூச்சு வந்தது. அவரிடம்தான் சொல்லியிருக்கிறார், நான் உட்கார இடம் விடச் சொல்லி.

ஒட்டடை அண்ணன் சுவரோடு ஒட்டி நின்று நடந்ததைச் சொன்னார். லிஃப்ட் தவறிக் கீழே வந்தால் தாங்கிக்கொள்வதற்காகக் குழியின் அடியில் ஒரு கனத்த இரும்புச் சுருள் வைத்திருப்பார்கள். பழையது துருப்பிடித்துப்போனதால் புதியதை இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தில் நிலவறைப் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அதனால் தரைத்தளக் கதவு வழியாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்தவர் இவர், கீழே வாங்கிக்கொள்ள நின்றவர் ஒட்டடை அண்ணன். பாதி வழியில் கயிறு திடீரென்று வேகமாக இறங்கியது. அவர் அண்ணாந்து பார்க்கையில் இரும்பு தலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு முழம் மேலேயே நின்றது. நின்று ஆடியது. மேலேயிருந்து அவர் முகத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது, கிரீஸ் என்று நினைத்துத் துடைத்திருக்கிறார். இவருடைய ரத்தம்.

ஏணியேறி வந்தவர் இவர் சட்டையைப் பிடித்துக் கேட்டாராம்.

"நான் கீழ நிக்கறதையே மறந்துட்டியாடா?"

"மறக்கலைடா. அதான் விடலை" என்றாராம் இவர்.

கயிறு விரல்களை விட்டு நழுவியதும் கையை அதற்குள் நுழைத்து முறுக்கி, முழங்கையால் நிறுத்தியிருக்கிறார். தோல் உரிந்து வந்துவிட்டது. அது முதல் தடவையும் அல்ல. அந்தச் சிவப்புத் தழும்புகளெல்லாம் அப்படி நிறுத்தியவைதான்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று இவரும் சொல்லிவிட்டார். விரல்கள் மடங்குவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. குழாயைத் திருகி இறுக்க முடியாது, சாவியைக் கிள்ளி இழுக்க முடியாது, பொத்தானைப் பிடிக்க முடியாது. தொடையிலும் வலு இல்லை, படியில் முழங்கால் மடங்கிவிடுமோ என்று நின்று நின்று ஏறுகிறார். ஸ்பேனரை உத்தரத்தில் வைத்து மறக்கவில்லை, அது கையிலிருந்தே விழுந்தது.

"கை விட்டுடுச்சுன்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கைமறதின்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. அதான் அப்படிச் சொன்னேன்."

"அடப்பாவி, அதைக் கேட்டுத்தானடா தங்கச்சி உனக்கு உங்கப்பா வியாதின்னு..." என்று தொடங்கிய ஒட்டடை அண்ணன் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப, அந்தப் பூனைக்கண்ணு விசாரணையெல்லாம் அதுக்குத்தானா?"

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் என்னை மனுஷி என்று சொல்ல மாட்டார்கள். புருஷன் தோல் உரிந்த கையோடு உட்கார்ந்திருக்கிறார், கூட்டாளி செத்துப் பிழைத்து வந்து நிற்கிறார், எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. கைதான். வெறும் கைதான். கை போனால் போகட்டும், என்னைத் தெரிகிறது.

அந்த நிம்மதி தசை டாக்டரைப் பார்க்கிற வரைக்கும்தான் நீடித்தது. அந்த அம்மாள் இவரிடம் தன் இரண்டு விரல்களைக் கொடுத்து, இறுக்கிப் பிடியுங்கள் என்றார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அவர் சும்மா உருவிக்கொண்டார். முன்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். சதை இருக்க வேண்டிய இடம் ஓடை மாதிரிப் பள்ளமாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் கையைப் பார்த்தும் நான் தழும்பைத்தான் பார்த்திருக்கிறேன், பள்ளத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. தொடையிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று அவர் ஒரு தாளை எடுத்து, நீளமான நார்கள் வரைந்தார். நார்களுக்குள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைகளைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கறுப்பாக்கினார். தசைக்குள் வரக் கூடாத சில புரதங்கள் வந்து தேங்கியிருக்கின்றன, நார்கள் மெல்ல மெல்ல நலிகின்றன என்றார். வேகமாக வராது, ஆனால் நிறுத்தவும் மருந்து இல்லை. அளவான பயிற்சி வேண்டும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்து விழுங்கும்போது புரையேறும், அப்படி ஏற்பட்டால் உடனே வர வேண்டும் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தக் கறுப்புத் திட்டுகளைக் காட்டி, இது என்ன புரதம் என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். மறதி நோய்க்காரர்களின் மூளையில் தேங்குகிற அதே வகைப் புரதங்கள்தான் என்றார்.

மாமனாரின் தலைக்குள் இருந்தது இவருடைய தொடைக்குள்ளிருந்து ஒரு துணுக்காக வெளியே வந்திருக்கிறது. என் பயம் வழி தவறி இடத்தைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறது, ஆளைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"எங்கப்பாவுக்கு அந்த நோய்தான்" என்றார் இவர். "அப்ப இது கையில தொடங்கி மேல ஏறுதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏறாது. ஒரே புரதம் ரெண்டு இடத்துல தேங்கினா ரெண்டும் ஒரே நோயின்னு அர்த்தமில்ல. இந்தத் தசை நோயால ஞாபகம் போகாது. அந்தப் புரதங்கள் மூளையைத் தவிர கண்ணுல, இதயத்துல, குடல்ல என்னென்ன செய்யுதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. உங்க தசையில அதுதான் கெடுதல் பண்ணுதா, இல்ல வேற எதோ கெடுத்த பின்னாடி அது வந்து சேருதான்னுகூட உறுதியாத் தெரியாது."

"அப்ப எனக்கு எங்கப்பா மாதிரி வராதுன்னு சொல்லலாமா?"

"அதை நான் சொல்ல முடியாது. அது தனிக் கேள்வி. யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு இந்தச் சதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வரும்னும் சொல்ல முடியாது."

திரும்பும்போது லிஃப்டில் இறங்கினோம். இவர் விரல் முட்டியால் பொத்தானைக் குத்தினார். பெட்டி நகர்ந்ததும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பிரேக் தேஞ்சிருக்கு. யாருகிட்டயாவது சொல்லணும்" என்றார்.

வேலையை இவரே விட்டார். அடம் பிடிக்கவில்லை. ஒட்டடை அண்ணனுக்கு இப்போது வேறு கூட்டாளி. அந்த ஆளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம், மச்சான்தான் வைக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். வாரம் தவறாமல் வந்து, பழகாத மோட்டார் ஏதாவது வந்தால் இவரிடம் கேட்டுக்கொண்டு போகிறார். இவரும் எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பி எந்த நிறம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். சொல்லும்போது நான் அடுப்படியில் நின்று கேட்பேன். ஒட்டடை அண்ணன், "ஆமா, சரிதான்" என்று சொல்கிற வரைக்கும் கரண்டியை அசைக்க மாட்டேன்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்குள் அந்தத் தெளிவு நிற்கவில்லை. முன்பு குழாய் சொட்டினால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். இப்போது இரண்டு அர்த்தம். கையா, தலையா? மூடி திறந்து கிடந்தால், கையா, தலையா? மாமனாரைப் பற்றியும் பயம் பின்னோக்கி ஓடியது. கடைசி வருஷத்தில் அவர் கையிலிருந்து கரண்டி விழுந்துகொண்டே இருந்தது. எப்படிப் பிடிப்பது என்பதையே மறந்துவிட்டார் என்று நாங்களாகவே முடிவு செய்து ஊட்டினோம். ஒருவேளை அவருக்கு மறக்காமலே இருந்திருந்தால்? சாப்பிடத் தெரிந்தும் பிடிக்க முடியாமல், அதைச் சொல்லத் தெரியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால்? அவருடைய கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இனி பார்க்கவும் முடியாது.

கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். வெட்கம் ஒரு காரணம். பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு காரணம்.

ஒரு காலையில் இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நான் காபியை முக்கால் டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். இவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து எடுத்துக்கொண்டார்.

"என்ன, இப்பல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டேங்கற?"

"எதை?"

"பூனைக்கண்ணு மாதிரி ஏதாவது."

டாக்டர்தான் அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டாரே என்றேன்.

"சொன்னாங்க. நானும் அங்கதான இருந்தேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ பாட்டுக்குக் கேட்டுட்டே இரு. நீ கேட்டாத்தான எனக்கும் தெரியும்."

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இவரும் தனியாகத் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை யாரும் சரிபார்க்கவில்லை.

என்ன கேட்பது என்று உடனே தோன்றவில்லை. நாம் இருவரும் சேர்ந்து முதன்முதலாக ஏறிய லிஃப்ட் எது என்று கேட்டேன்.

குனிந்த தலை நிமிரவில்லை. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. இவர் உதடு அசையவில்லை. புருவம் சுருங்கியிருந்தது, ஏதோ தொலைவில் இருப்பதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர் மாதிரி. இப்போது நிமிரப் போகிறார், நிமிர்ந்து மிகவும் மரியாதையாக ஏதோ கேட்கப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்கள் நன்றாக மடங்கின.

டம்ளரின் அடி மேஜையைத் தொட்டது. இவர் ஒரு உள்ளங்கையை மெதுவாக விலக்கி, அது ஆடவில்லை என்று பார்த்து, பிறகு மற்றதையும் விலக்கினார்.

"இதைக் கீழ வைக்கும்போது பேசினா சிந்திடும்" என்றார். "அந்தத் துணிக்கடை லிஃப்ட். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படறன்னு கேட்டேன். நீ அழுத."

நீ என்றார்.

"அடுத்ததைக் கேளு" என்றார். கேட்டேன்.